இன்னும் ஒரு நண்டுக்கூடு பாக்கி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பியும் சௌக்கியம். வீட்டில் சௌக்கியமில்லாதது தண்ணீர் மோட்டார் மட்டும்தான், அதையும் உன் தம்பி பிரித்துப் போட்டிருக்கிறான், திரும்ப மாட்டத் தெரிந்தால் அதுவும் சௌக்கியமாகிவிடும். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய், நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். நீ அனுப்பிய மழைக்கோட்டு வந்து சேர்ந்தது. முழங்காலுக்கும் கீழே தொங்குகிறது, உன் அம்மா என்னை நடமாடும் கூடாரம் என்கிறாள், ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும் நாளில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன், அலை எவ்வளவு தெறித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வருவதில்லை.

அன்றைக்கு ஃபோனில் உன்னிடம் பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிட்டேன். மீதியை நீ கேட்டே ஆக வேண்டும், அதில் உனக்கும் பங்கு இருக்கிறது. முதலில் உன் பட்டமளிப்புப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது. ஏழாம் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத் தலைமையாசிரியை சம்மதித்ததும், மணலில் வைக்க எனக்கு ஒரு மரச்சட்டம் தேவைப்பட்டது. பிள்ளைகளிடம் கடலைப் பார் என்றால் எல்லோரும் தூரத்துக் கப்பலைத்தான் பார்ப்பார்கள். ஒரு சட்டத்தைத் தரையில் போட்டு, இதற்குள் என்னென்ன உயிர் இருக்கிறது என்று மட்டும் பார் என்றால் குப்புறப் படுத்து மூக்கில் மண் ஒட்டப் பார்ப்பார்கள். வீட்டில் அந்த அளவுக்கு இருந்த ஒரே சட்டம் உன் படத்தினுடையது. கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு உன்னை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன், அங்கேயும் அழகாகத்தான் இருக்கிறாய். உன் அம்மா இரண்டு வேளை பேசவில்லை. பிறகு பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம். "பொண்ணு கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்கின பட்டம், அதுக்குள்ள இப்ப நத்தை ஊருது" என்று பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. வினை வந்தது கடைசி அரை மணியில். குப்பை பொறுக்கும் நேரத்துக்கு நான் ஒரே ஒரு விதி வைத்திருந்தேன், கடல் தானாகச் செய்யாத எதுவும் கரையில் இருக்கக்கூடாது, கண்ணில் பட்டதையெல்லாம் சாக்கில் போடு என்று. முந்தின நாள் வகுப்பில், கடலில் பிளாஸ்டிக் போடுகிறவர்களுக்குப் புத்தி இல்லை என்றுகூட ஆவேசமாகப் பேசியிருந்தேன். அன்று தண்ணீர் வெகுதூரம் இறங்கியிருந்தது. பாறைகளுக்கு நடுவே கயிற்றில் கட்டிய நீலப் பிளாஸ்டிக் குடுவைகள் வரிசையாகக் கிடந்தன. பிள்ளைகளுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. கைவேலைக் கத்தரிக்கோலை எடுத்து நறுக் நறுக்கென்று வெட்டிச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தார்கள். நானும் பூரித்துப்போய் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பள்ளிக்கூட வாசலிலேயே மாட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஒரு அம்மாள் வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். நண்டு பிடிக்கிறவர். அவை குப்பை இல்லை, சிட்டு. நண்டு சிக்குவதற்காக அவர் வலை கட்டிக் கடலுக்கடியில் வைத்திருக்கும் நண்டுக்கூடுகளுக்குக் கட்டிய மிதவைகள். குடுவை மிதந்தால்தான் கூடு எங்கே கிடக்கிறது என்று தெரியும். "என் மிதவையை வெச்சு போட்டோ புடிச்சு மாட்டியிருக்கீங்க, என் கூடெல்லாம் எங்கே" என்று அவர் கேட்டது மாடி வகுப்பு வரைக்கும் கேட்டது. தலைமையாசிரியை படத்தைக் கழற்றச் சொன்னார். கடற்கரை வகுப்பும் இதோடு சரி என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அந்த அம்மாளின் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள், எல்லோரும் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுகிற அந்தச் சின்னப் பெண். அன்று அவளும் பாறைமேல்தான் நின்றாள். அவை தன் வீட்டு மிதவைகள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அதைப் போடுறவங்களுக்குப் புத்தி இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க, எங்க வீட்டுதுன்னு எப்படிச் சொல்றது" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று மாலைதான் நீ ஃபோன் செய்தாய். நான் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு ஒழுங்காகப் புத்தகத்தை மட்டும் நடத்தப்போகிறேன் என்று உன்னிடம் புலம்பினேன். நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "எடுக்கத் தெரிஞ்ச பசங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் தெரியும்பா, அவங்களையே கேளுங்க" என்றாய், அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், ஃபோனை வைத்துவிட்டாய். நீ மறந்தும் போயிருப்பாய். நான் மறுநாள் வகுப்பில் அதையே கேட்டேன். யோசிக்கவே இல்லை, நாங்களே தேடித் தருகிறோம் என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தலைமையாசிரியை, பெற்றோரும் கூட வரவேண்டும், தானும் வருவேன், இதுதான் கடைசி என்று சொல்லிச் சம்மதித்தார்.

தண்ணீர் இறங்கிய நாளாகப் பார்த்துப் போனோம். பிள்ளைகள் பாறை ஓரத்தில் நின்று வெட்டுப்பட்ட கயிறு தெரிகிறதா என்று பார்த்துக் கை காட்ட, பெற்றோர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுக்க, அம்மாள் தன் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டே வந்தார். ஊமைக்கோட்டான்தான் அன்று எல்லோரையும்விட அதிகம் பேசினாள், இந்தப் பக்கம் வாங்க, அங்க மிதிக்காதீங்க என்று அப்பாமார்களையே அதட்டினாள். கூடுகளில் நண்டுகள் சிக்கியிருந்தன. சின்னதையும் வயிற்றில் முட்டை வைத்திருந்ததையும் அம்மாள் தண்ணீரிலேயே விட்டார். முட்டை நண்டு ஒன்றைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று உன் சட்டத்துக்குள் வைத்தார், அது உன் பட்டத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போய்விட்டது. முட்டை நண்டை விட்டால்தான் நாளைக்கும் கடலில் நண்டு இருக்கும் என்று இத்தனை வருஷம் நான் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கப் பார்த்தது அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

எல்லாம் கிடைத்தது, ஒரு கூட்டைத் தவிர. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். நான் விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றதற்கு அம்மாள், "கூடு போனா வேற கட்டிக்கலாம் சார், ஆனா அது கீழே சும்மா இருக்காது, எடுக்க ஆள் இல்லாமலே நண்டைப் புடிச்சுப் புடிச்சுச் சாகடிச்சிக்கிட்டிருக்கும்" என்றார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியைதான் வாயைத் திறந்தார். "தொலைச்சது நாம. அது கிடைக்கிற வரைக்கும் தண்ணி இறங்குற நாளெல்லாம் ஏழாம் வகுப்பு இங்க வந்து தேடணும்" என்று தண்டனை கொடுக்கிற குரலில் சொன்னார். தண்டனை வாங்கிய முகத்தை வைத்துக்கொள்ளப் பிள்ளைகள் பட்ட பாடு இருக்கிறதே.

அன்று முதல் போய்க்கொண்டிருக்கிறோம், உன் புண்ணியத்தில். இப்போது என் விதியும் மாறிவிட்டது, எடுப்பதற்கு முன்னால் இது யாருடையது என்று கேள். புது மிதவைகளில் பிள்ளைகள் பூவும் மீனும் வரைந்து கொடுத்தார்கள், அம்மாள் அதெல்லாம் வேண்டாம், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஒரு சிவப்புக் கோடு போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன தடவை திரும்பும்போது ஊமைக்கோட்டான் என் மழைக்கோட்டைப் பிடித்து இழுத்தாள். காதோடு சொன்னாள், அந்தக் கூடு கிடைத்துவிட்டதாம், அம்மாவும் அவளும் முந்தின நாளே எடுத்துவிட்டார்களாம், வலை கிழிந்திருந்ததால் உள்ளே எதுவும் சாகவில்லையாம். சொல்லிவிட்டு, "பெரிய டீச்சர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமா சார்" என்றாள். உண்மை பேசு என்று ஊருக்குச் சொல்கிறவன் நான், மழைக்கோட்டுக்குள் முழித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மகளைக் கூட்டிப்போக அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியை நேராகவே கேட்டுவிட்டார், கூடு கிடைத்ததா என்று. அம்மாள் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எங்க டீச்சர், இன்னும் ஒண்ணு பாக்கிதான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நம்மால் நஷ்டப்பட்ட மனுஷி, சிட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, பாறையில நடக்க ரப்பர் ஷூ வாங்கி வெச்சிருக்கேன், ஒரு தடவைகூட இன்னும் போடலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெற்ற மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அம்மா கேட்கிறாள். நான் சொல்கிறேன். உன் அந்த ஒரு வார்த்தைக்கு நன்றி, அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு, நீ நினைத்ததெல்லாம் கைகூடி நீ எப்போதும் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் எங்களோடு பாறைக்கு வா, உன் சட்டத்தையும் பார்க்கலாம். தலைமையாசிரியை வந்து எதைத் தேடுகிறாய் என்று கேட்டால் மட்டும், கூட்டை என்று சொல்.

உன் வரவை எதிர்பார்த்து,
கூடாரத்துக்குள்ளிருந்து,
அப்பா