கடைசி வாக்கு

1. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாகவும், பின்னர் பலெர்மோவில் உங்கள் வீட்டுச் சமையற்காரனாகவும் இருந்த நான், உண்மையென நம்புவதை மட்டும் இங்கு எழுதுகிறேன்.

2. நீங்கள் மேன்முறையீட்டு நீதிமன்ற அமர்வொன்றின் தலைவராக இருந்தீர்கள். இப்போது இல்லை.

இன்று காலை என் மனைவி அடுப்பில் தோடம்பழத் தோலை வாட்டினாள். பலெர்மோவின் கால்சாப் பகுதியிலிருந்த உங்கள் வீட்டின் குளிர்கால மணம் அது. உங்களுக்கு வந்த கொலை மிரட்டல்களால் வாசலில் காவல் வண்டி நிற்காத நாளில்லாத காலம்.

உரோமின் உயர் நீதிமன்றத்திலிருந்து நீதிபதியாக வரும்படி உங்களுக்கு அழைப்பு வந்திருந்தது. போனால் பயந்து ஓடினார் என்பார்கள். இருந்தால் என்ன நேரும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்கள் மனைவி சிஞ்ஞோராவையும் என்னையும் மேசைக்கு அழைத்தீர்கள்.

"அப்புக்காத்தர், நீர் முதலில் சொல்லும். எங்கடை அமர்விலை இளையவர்தான் முதல், தலைவர் கடைசி," என்றீர்கள், வழக்கம்போல் என் பழைய தொழிற்பெயரால் அழைத்து.

"கோட்டிலை கடைசி வாக்கு இவருக்கு, வீட்டிலை எனக்கு," என்றார் சிஞ்ஞோரா.

உங்கள் வீட்டு வேலை போனால் என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பது கடினம். அதை அறிந்தே சொன்னேன்: "போங்கோ. நீங்கள் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தொலைபேசி வரும்வரைக்கும் சிஞ்ஞோரா கோப்பியைத் தொடுறேல்லை. தினமும் நான்தான் அதை ஊத்துறனான்."

"குசினிச் சாட்சியை நம்பக்கூடாது," என்றார் சிஞ்ஞோரா, உங்களைப் பாராமல். "இருப்பம்."

கடைசியாக நீங்கள், "போவம்" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் முதலில் கதைச்சிருந்தால், இருப்பம் எண்டிருப்பன். நீங்கள் இரண்டு பேரும் ஓம் எண்டிருப்பியள்."

அன்றிரவு என் வீட்டில் மனைவி கேட்டாள்: "உங்களுக்கு விசரே? இனி பெர்மெஸ்ஸோவுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?" கேள்வி நியாயமானது. அனுமதி வழங்கும் காவல் தலைமையகமான குவெஸ்தூராவின் வரிசைகளில் நான் பட்ட அலைச்சலை உங்களுக்கு எழுதியதில்லை. இப்போதும் குறையாக எழுதவில்லை.

போன கிழமை சிஞ்ஞோரா தொலைபேசியில் பேசினார். நீங்கள் உரோமில், படுக்கையில், உறக்கத்திலேயே காலமானதாகச் சொன்னார். படுக்கையில் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

இத்தாலியின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் எனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. போகத்தான் விரும்பினேன். நேற்று மேசையில் மகளை முதலில் கேட்டேன்.

"நான் வரேல்லை அப்பா. என்ரை சிநேகிதப் பிள்ளையள் எல்லாம் இஞ்சைதான்."

மனைவி அவள் பக்கம். நான் முதலில் பேசியிருந்தால் இருவரும் பெட்டி அடுக்கியிருப்பார்கள். பலெர்மோவிலேயே இருக்கிறோம்.

வழமைக்கு மாறாக, இம்மடலில் சாட்சிகள் எனக்கு முன் ஒப்பமிடுகிறார்கள், இளையவர் முதலாக.

சாட்சி: நிரோஜினி, மகள்
சாட்சி: மரியபுஷ்பம், மனைவி

ஒப்பம்: சூ. அருளானந்தம்