மூன்று நிமிட ஊசி

ஆல்டர் ஃபோர்க், விஸ்கான்சின்
மார்ச் 9, 2014

அன்பு மகள் மார்கிட்டுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். அங்கே நியூசிலாந்தில் கோடை முடிந்து காற்று குளிர ஆரம்பித்திருக்கும். இங்கே தபால் பெட்டியின் கழுத்துவரை பனி இன்னும் கிடக்கிறது. போன வாரம் அம்மாவுக்கு ஒரு பரிசோதனை நடந்தது. அதன் முடிவு நல்லதுதான், அதனால் பதறாமல் படி. ஆனால் நடந்ததில் உனக்கும் பங்கு இருக்கிறது, அதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

இலையுதிர் காலத்திலிருந்தே வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போய் வந்தால் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. வறுத்த மீனும் பொரித்த சீஸ் கட்டியும் இல்லாமல் இந்த ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை கழியாது என்பது உனக்குத் தெரியும். ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை. பித்தப்பை சுருங்குகிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இருபத்தேழு வருஷம் இந்த ஊருக்கே உன் அம்மா செய்துகொண்டிருந்த அதே பரிசோதனை. நீ சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் உனக்கு அதை விளக்கியது நினைவிருக்கிறதா? நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள், கல்லீரல் அதை எடுத்துப் பித்தப்பையில் சேர்க்கும், மேலே இருக்கும் கேமராவில் பை ஒரு பேரிக்காய் மாதிரி ஒளிரும். பிறகு இன்னொரு மருந்து. கொழுப்பு உள்ளே போனதும் குடல் பித்தப்பைக்கு அனுப்பும் செய்தியை அந்த மருந்து அனுப்பும், பை சுருங்கும். நூற்றுக்கு எவ்வளவு வெளியே போனது என்று கணக்கெடுப்பார்கள். நீ உடனே கத்தியால் தட்டிலிருந்த பேரிக்காயை அமுக்கிப் பார்த்து மேஜைவிரிப்பைப் பாழாக்கினாய். பின்னால் ஒரு வருஷம் அந்த இரண்டாவது மருந்து நாடெங்கும் கிடைக்காமல் போனதும், அம்மா அதற்குப் பதிலாக எல்லோருக்கும் கொழுப்பு நிறைந்த பாலாடையை ஒரு கோப்பை குடிக்கக் கொடுத்ததும் நீ ஊரைவிட்டுப் போன பிறகு நடந்தவை. மாட்டுப்பண்ணைக்காரர் எல்மர் குடித்துவிட்டு, "காலையில நான் கறந்து அனுப்புன பாலை எனக்கே மருந்துன்னு குடுக்கிறியே, ஆர்டிஸ்" என்றாராம். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

போன திங்கட்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டேன். பழக்கத்தில் ஊழியர்கள் வாசல் வழியாகவே உள்ளே போனாள். வரவேற்பில் இருக்கும் டெலோரஸ், "என்னடி, திரும்ப வேலைக்கு வந்துட்டியா? உன் அலமாரியை வேற ஆளுக்குக் குடுத்துட்டோமே" என்று கேட்டாள். இப்போது அந்தப் பரிசோதனையைச் செய்பவள் டானா. சின்னப் பெண்தான், ஆனால் தெரிந்தவர் என்பதற்காக ஒரு கேள்வியையும் விட்டுவிடாதவள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்று தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாத்திரை எதுவும் போடவில்லை என்று அம்மா சொன்னாள். முப்பத்தெட்டுக்கு மேல் வர வேண்டிய எண், பதினொன்று என்று வந்தது. பித்தப்பையை எடுத்துவிட அறுவை டாக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்.

அன்றிலிருந்து அம்மா பேசவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஊர்ப் பத்திரிகையில் வேலை செய்தவன் நான், ஒருவர் சொல்ல வருவதைச் சொல்லாமல் இருக்கிறார் என்றால் எனக்குத் தெரிந்துவிடும். புதன்கிழமை மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டு அறுவைக்குப் பிறகு எனக்குக் கொடுத்த கடுமையான வலி மாத்திரைக் குப்பி இடம் மாறியிருக்கிறதே என்று கேட்டேன். தலைநிமிராமலே, திங்கட்கிழமை காலையில் அதிலிருந்து இரண்டைப் போட்டுக்கொண்டேன் என்றாள். அந்த மாத்திரை பித்தம் இறங்கும் வாயை இறுக்கிவிடும், பை சுருங்காதது போலக் காட்டும், அதனால்தான் பரிசோதனைக்கு முன் அதைப் போடவே கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் அவள். ஏன் போட்டாய் என்றேன். அவள் காலத்தில் அந்த இரண்டாவது மருந்தை மூன்றே நிமிஷத்தில் ஊசியால் ஏற்றிவிடுவார்கள், ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு துடிப்பார்கள். "வலிக்கும்னு பயமில்ல, நார்ப். டானா முன்னாடி கத்திருவேன்னுதான் பயம்" என்றாள். நம் ஊர் ஆட்கள் வேறு எதற்குப் பயப்படுவார்கள்?

ஆனால் அங்கே டானா ஊசியை எடுக்கவில்லை. பம்ப் வைத்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். அம்மா கேட்டதற்கு, வேகமாக ஏற்றினால் நல்ல பித்தப்பையும் தாறுமாறாக இறுகி எண் குறைந்துவிடுகிறது, அதனால் இப்போது எல்லாமே மெதுவாகத்தான் என்றாளாம். மீதி நேரம் முழுவதும் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். 1995-இல் உனக்குப் பதினேழு வயது, இதே வலி, இதே பரிசோதனை. அன்று ஆஸ்பத்திரியில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை, உனக்கு மூன்று நிமிஷத்தில் ஏற்றியது அவள் கைதான். நீ முழங்காலை மடக்கிக்கொண்டாய், சத்தம் போடவில்லை. இருபத்திநாலு என்று வந்தது. ஆறாம் நாள் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். போன கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது, அந்தப் பழைய வலி இன்னும் எப்போதாவது வருகிறது, பித்தப்பை போன செய்தி அதற்கு யாரும் சொல்லவில்லை போல என்று நீ வேடிக்கையாகச் சொன்னாய். அம்மா மாடியில் இன்னொரு போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டானாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்றேன். "என்னுதைச் சரி பண்ணிருவாங்க. மார்கிட்டோடதை யாரு சரி பண்ணுவாங்க? என்னுதும் போகட்டும்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "உன்னுதை எடுத்து நியூசிலாந்துக்குப் பார்சலா அனுப்பப் போறாங்களா?" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். உன் அறுவைக்குப் பிறகு நான் அவள் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய் டானாவுக்குப் போன் செய்து சொன்னாள். அதற்கு டானா, "ஆர்டிஸ், இந்தக் கேள்வித்தாளை டைப் பண்ணி வச்சதே நீங்கதான். மாத்திரை மூணாவது கேள்வி" என்றாளாம். வெள்ளிக்கிழமை மறுபடி செய்தார்கள். மாத்திரை இல்லை, லேசாக இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். அறுபத்தொன்று. அறுவை இல்லை என்று ஆகிவிட்டது. வலி வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மீன் வறுவலுக்கு இப்போதைக்குத் தடை.

இனி உன் விஷயம். அம்மாவே எழுதுவதாக மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான்தான் சுற்றி வளைக்காமல் எழுதுவேன் என்று சொல்லி என்னிடம் விட்டாள். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்கிறேன். உனக்கு வேகமாக ஏற்றினார்கள் என்பது தெரிந்தது. அன்று உன் எண் அதனால்தான் குறைந்ததா என்பது தெரியாது, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அறுவை டாக்டரிடம் கேட்டேன். உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த முறையைத்தான் அவளும் செய்தாள். இது அவளுக்கும் தெரியும், ஆனால் அவளுக்கு இது போதவில்லை. உன் வலியை மட்டும் நீ சும்மா விடாதே. அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து, வருஷத்தையும் அந்த மூன்று நிமிஷத்தையும் சொல், வேறு காரணம் தேடச் சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் எப்போதும் நான்தான் முதலில் பேசுவேன், பனி எவ்வளவு, யார் செத்தார்கள் என்று. இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் முதலில் பேசுவாள். நீ அவள் மகள், அவள் தொடங்கியதுமே அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா, விடு என்று சொல்ல உனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்லாதே. நம் வீட்டில் எல்லாக் கதவையும் அந்த ஒரு சொல்லால்தான் சாத்திக்கொண்டோம். கோபம் இருந்தால் கோபப்படு, அழுகை வந்தால் அழு, ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காமல் இரு.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டரைப் பார்த்தாய் என்று ஒரு வரி எழுது. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
நார்பர்ட்