உள்துறை அமைச்சரின் பதிலும் என் கையெழுத்தும்

வைன்பெர்க், கேப் டவுன்
14 ஜூன் 1968

அன்புள்ள செலஸ்டின்,

நீ உடல்நலத்தோடு இருக்கிறாய் என்றும், லீட்ஸில் இப்போது கோடை என்பதால் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடவில்லை என்றும் நம்பி இதை எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. மூன்று நாளாக விடாத மழை, சமையலறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, கீழே வைத்த வாளியை ஒரு நாளைக்கு இரண்டு முறை கொட்டுகிறேன். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நம் தெருக்கோடியில் இருக்கும் நர்ஸ் தியோடோரா பர்மிங்காமில் வேலை கிடைத்து அடுத்த புதன்கிழமைக் கப்பலில் புறப்படுகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி, படித்ததும் எரித்துவிடு. உறைக்குள் தட்டச்சு செய்த இன்னொரு தாள் இருக்கும். இதை முடித்த பிறகு அதைப் பார், முன்னால் பார்க்காதே.

பிப்ரவரியில் உனக்கு எழுதிய கடிதத்தில் நீ அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நீ செய்யவில்லை, அம்மா நம்பினால் நம்பட்டும் என்று இரண்டே வரியில் பதில் போட்டிருந்தாய். நான் நம்பவில்லை. உன் எழுத்து சாய்ந்திருப்பதைப் பார்த்து, பொய் சொல்கிறவளின் கை என்று கூட நினைத்தேன். என் வயதில் மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லை, எப்படிக் கேட்பது என்று பள்ளியில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் மறந்துவிட்டது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்.

உன் அண்ணன் ஆம்ப்ரோஸ் தன் வெளுத்த நிறத்தை வைத்து வெள்ளையனாக வாழப் போன இந்தப் பதினேழு வருஷத்தில் அவனை நான் எப்படிப் பார்த்து வந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிய தபால் நிலையத்துக்குப் போவேன். அவன் வெள்ளையர் வரிசையில் நிற்பான், நான் நம் வரிசையில். தொப்பியை ஒருமுறை தொடுவான், அவ்வளவுதான். சில மாதங்களில் அவன் மனைவி ஹெஸ்டரும் கூட வருவாள், குழந்தை அனெட்டும் வருவாள். என் பேத்தி பல் விழுந்து பல் முளைத்ததையெல்லாம் தபால்தலை வாங்குகிற சாக்கில்தான் பார்த்தேன். வீடு முழுக்கத் தபால்தலை. அதோடு திருப்தியாக இருந்தேன் என்று சொன்னால் நீ கோபப்படுவாய், ஆனால் இருந்தேன்.

பிப்ரவரியில் உள்துறையிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. உன்னை வெள்ளையன் என்று பதிந்தது தவறு, நீ கலர்டு, கலப்பினத்தவன், அடையாள அட்டையைத் திருப்பி அனுப்பு என்று. அந்த ஒரு தாளோடு என்னென்ன போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே வேலை போகும், வெள்ளையர் பகுதியான அப்சர்வேட்டரியில் இருக்கும் வீடு போகும், அனெட்டின் பள்ளி போகும். ஹெஸ்டர் வூஸ்டர் ஊர்ப் பண்ணைக்காரக் குடும்பத்து வெள்ளைக்காரி, அவளும் இவனும் ஒரே வீட்டில் படுத்தால் இருவருக்கும் சிறை. அன்றைக்கு ஆம்ப்ரோஸ் பதினேழு வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டுப் பின்கதவைத் தட்டினான். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "செலஸ்டின்தான் எழுதிப் போட்டிருப்பா. அப்பா சாவுக்கு நான் வரலேன்னு அவ என்ன சொன்னா, ஞாபகமிருக்கா? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் உன் அசல் இனத்தைச் சொல்லி ஊரே கூப்பிடும்னா. சொன்னதைச் செய்யிறவதானே அவ" என்றான். எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் போனதும் உட்கார்ந்து உனக்கு எழுதினேன்.

ஆனால் எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. நான் திரு. காவுட் வீட்டுக்குப் போனேன். எதிர்க்கட்சி உறுப்பினர், அவர் மனைவிக்கு நான் இருபது வருஷமாக உடை தைக்கிறேன். நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் கேள்வி போட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார், ஆனால் தலையைச் சொறிந்தார். "கேள்விதான் என் கையில இருக்கு, மிசஸ் லாட்டகன். பதில் இல்லை. அமைச்சர் என்ன சொன்னாலும் அது அச்சாகும், பேப்பர்ல வரும். பல பேருக்குக் கேட்காம இருந்திருக்கலாம்னு ஆயிருக்கு." எனக்குப் பதிலைக் கண்டு பயமில்லை என்றேன். கேள்வியை நானே மூன்று பிரிவாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆம்ப்ரோஸ் லாட்டகன் என்பவரின் பதிவை எதிர்த்து மனுக் கொடுத்தவர் யார், ஒருவரும் இல்லையென்றால் எந்தச் சான்றின்பேரில் மாற்றினார்கள், அதைத் தவிர வேறு சான்று ஏதாவது உண்டா. அவர் இரண்டு சொற்களை மட்டும் மாற்றினார். அதில் ஒன்று முன்னால் இருந்ததே சரி, ஆனால் நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதல் பிரிவின் பதிலில் உன் பெயரைக் கேட்கத்தான் அந்தக் கேள்வியை எழுதினேன்.

மே இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. திரு. காவுட் நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு போனேன், நமக்கென்று ஒதுக்கிய பக்கப் படிக்கட்டு வழியாக ஏறி, மாடியில் நமக்கென்று ஒதுக்கிய பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏதேதோ கேள்விகள் வந்தன, எத்தனை பேரைப் பிரம்பால் அடித்தார்கள், எத்தனை குடும்பத்தை எந்த ஊரிலிருந்து கிளப்பினார்கள் என்று. அமைச்சர்கள் எழுந்து, தாளைப் பார்த்து வாசித்து, உட்கார்ந்தார்கள். மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரல். நம்முடையது வந்தபோது உள்துறை அமைச்சர் அதே குரலில் வாசித்தார். ஒன்று, எவரும் மனுக் கொடுக்கவில்லை. இரண்டு, 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம், அதை நிரப்பிக் கையொப்பமிட்டவர் சம்பந்தப்பட்டவரின் தாயார். மூன்று, இல்லை. உட்கார்ந்துவிட்டார். ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து ஒருவர், உட்கார்ந்தபடியே, "இதுக்கு எங்க அமைச்சர் எதுக்கு? மாண்புமிகு உறுப்பினர் அந்தத் தாயைப் போய்க் கேட்டிருக்கலாமே" என்றார். சபை சிரித்தது. திரு. காவுட் மட்டும் சிரிக்கவில்லை, மேலே பார்க்கவும் இல்லை. நான் கேள்வி நேரம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் எழுந்து போனால் அந்தத் தாய் யார் என்று தெரிந்துவிடும்.

அந்தப் படிவத்தை நிரப்பிய காலை எனக்கு முழுவதும் நினைவிருக்கிறது. 1951 மே மாதம், உன் அப்பாவுக்கு மார்புச் சளி. ஆம்ப்ரோஸ் அப்போதே உட்ஸ்டாக்கில் ஒரு வெள்ளைக்காரி வீட்டில் அறை எடுத்திருந்தான். அவளும் தன் படிவத்தில் அவனை வெள்ளையன் என்று எழுதிக்கொள்வதாக இருந்தாள். அப்பாவைப் பார்க்க வந்தவன் மழைக்காகத் தங்கிவிட்டான், காலையில் நீ எழுவதற்குள் போய்விட்டான். நான் மேசையில் படிவத்தை விரித்து மைப்பேனாவால் நிரப்பினேன். நேற்றிரவு இந்தக் கூரையின் கீழ் உறங்கிய ஒவ்வொருவரும் என்று அச்சிட்டிருந்தது. அப்பா படுக்கையிலிருந்தே, "பையன் பேரை விட்டுடு, வின்னி. அவன் இங்க தூங்கினது கடவுளுக்குத் தெரிஞ்சா போதும், கவர்மெண்டுக்கு எதுக்கு" என்றார். ஒவ்வொருவரும் என்று போட்டிருக்கிறது என்றேன். பொய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட நான் படிக்கவில்லை என்றும் சொன்னேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் தாள் பதினாறு வருஷம் எங்கோ ஓர் அலமாரியில் கிடந்தது. போன வருஷம் சட்டம் மாறி, பெற்றோர் யார் என்பதை வைத்தே பிள்ளையைப் பதிய வேண்டும் என்று வந்ததும் ஒவ்வொரு தாளாக எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டில் ஒரே பெயர், ஒரே பிறந்த நாள். என் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

அமைச்சரின் பதில் மறுநாள் காலைப் பேப்பரில் வந்தது. சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வந்தான். இந்த முறை உட்கார்ந்தான். தக்காளி போட்ட ஆட்டிறைச்சி இருந்தது, வைத்தேன், தொடவில்லை. "ஏம்மா, ஒரு பேர் கம்மியா எழுதியிருந்தா கை நோகாம இருந்திருக்குமே" என்றான். அவ்வளவுதான் கேட்டான். உன்னைப் பற்றிப் பேசியதற்கு உன்னிடம் எழுதி மன்னிப்புக் கேள் என்றேன். கேட்பான் என்று எதிர்பார்க்காதே, அவனுக்கு இப்போது எழுதக் கை வராது.

மே கடைசியில், ஆம்ப்ரோஸுக்காக மேல்முறையீடு செய்யும் வழக்கறிஞர் காகன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சபை நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார், மூன்றாம் பிரிவின் மேல் விரலை வைத்தார். "இந்த 'இல்லை'யைப் பிடிச்சுக்குங்க. வேற சான்று கிடையாதுன்னு அமைச்சரே சபையில சொல்லிட்டாரு. மேல்முறையீட்டு வாரியத்துல அவர் ஆட்கள் அதை மாத்திப் பேச முடியாது. படிவம் ஒண்ணுதான் நிக்குது. அது விழுந்தா எல்லாம் விழும்." படிவம் எப்படி விழும் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், நான் அவனைப் பெறவில்லை என்றால் விழும். நமாக்வாலாண்ட் மிஷனில் உன் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரக் குழந்தையை யாரோ சிஸ்டர்களிடம் விட்டுப் போனார்கள், பிள்ளையில்லாத நாங்கள் எடுத்து வளர்த்து நம் பெயரைக் கொடுத்தோம், படிவத்தில் பழக்கத்தில் மகன் என்று எழுதிவிட்டேன். இந்தக் கதையை உண்மையென்று நான் சத்தியம் செய்ய வேண்டும். அரசாங்கப் பதிவு அங்கே அந்தக் காலத்தில் கிடையாது. ஞானஸ்நானப் புத்தகத்தைப் பற்றி அந்த மிஷன் ஃபாதரிடம் காகன் கேட்டிருக்கிறார். அது பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, தான் இருக்கிறவரை அங்கேதான் இருக்கும் என்றாராம் ஃபாதர்.

நான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்டர் வந்தாள், முன்வாசல் வழியாக, பட்டப்பகலில். பத்து வருஷத்தில் முதல் முறை அவளை அருகில் பார்க்கிறேன். கைகள் உழைத்த கைகள், அது எனக்குப் பிடித்தது. தன் பெயரும் அதுதான் என்பதை மறந்தவள் போல என்னை மிசஸ் லாட்டகன் என்றாள். அனெட்டைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம், வீட்டில் சீருடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், கழற்ற மாட்டேன் என்கிறதாம். "எங்க அண்ணனுங்க வந்து என்னையும் குழந்தையையும் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. நான் போகலை. நீங்க அவரை உங்க பிள்ளை இல்லேன்னு சொன்னாதான் நான் அவர் பொண்டாட்டி" என்றாள். அழவில்லை. நான் அவளுக்குத் தேநீர் கொடுத்தேன், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா அடித்த தாளில் ஒரு தேதி தவறாக இருந்தது, திரும்ப அடிக்க வைத்தேன். காகன் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. சத்தியம் வாங்குகிற அதிகாரி இதில் உள்ளதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். ஆம் என்றேன். அதற்குப் பிறகு நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்யலாமே என்று நீ சொல்வாய். நான் வருந்தவில்லை, செலஸ்டின். வருந்தாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது இன்னொரு பொய், ஒன்றே எனக்குப் போதும்.

இப்போது அந்தத் தாளை எடு. வாரியம் ஆகஸ்ட் ஆறாம் தேதி கூடுகிறது. என் சொல் மட்டும் போதாது, அந்த வீட்டில் வளர்ந்த இன்னொருவர் சொல்ல வேண்டும் என்கிறார் காகன். வேறு யாரும் இல்லை. உனக்கு ஏழு வயதானபோது, ஆம்ப்ரோஸ் எடுத்து வளர்த்த பிள்ளை என்று அப்பா உன்னிடம் சொன்னதாக அதில் இருக்கிறது. நீ அதில் ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, ஜூலை இருபதுக்குள் விமானத் தபாலில் காகனின் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும், எனக்கு அல்ல. அவன் நம்மை இல்லையென்று சொல்லிக்கொண்டு போனபோது நீதான் எல்லோரையும்விட அதிகம் அழுதாய். இப்போது அவனுக்காக நீயே அவனை இல்லையென்று எழுத வேண்டும் என்கிறேன். அதுவும் உன்மேல் வீண்பழி போட்ட நான் கேட்கிறேன். உனக்கு மனமில்லையென்றால் தாளை எரித்துவிடு, காரணம் கேட்க மாட்டேன், இரண்டாம் முறை எழுதவும் மாட்டேன். கையெழுத்திட்டால், நாம் நால்வரும் இருக்கும் படங்கள் உன்னிடம் எது இருந்தாலும் அவற்றையும் எரித்துவிடு. இனிமேல் அவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்பாதே. நான் தபால் நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஜூன் முதல் சனிக்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். காகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், இனி யாராவது ஒரே கட்டடத்தில் அவனையும் என்னையும் பார்த்தால் போதுமாம், வழக்கு போய்விடுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. வாடகை அறையில் எரிவாயு அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு முறை பார். அடுத்த கடிதத்தில் சாயாமல் எழுது. ஆண்டவரும் அவருடைய தாயும் உன்னைக் காக்கட்டும், உன் அப்பாவின் ஆசியும் உனக்கு உண்டு. நான் கையெழுத்திட்ட பத்திரத்தில் பதினொரு பத்திகள். பத்தும் பொய். ஆறாம் பத்தியில் மட்டும், செலஸ்டின் என் வயிற்றில் பிறந்த மகள் என்று இருக்கிறது. குமாஸ்தா வாசித்துக்கொண்டே போனபோது அந்த ஒரு பத்தியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

உன் அம்மா,
வினிஃபிரட் லாட்டகன்