சித்திரைக்கு அடிக்க ஒரு மருமகள்

ஜனவரி 12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். எதிர்ப்பக்கத்து மலை காணவில்லை, பனி மூடிவிட்டது. விகாரை பார்க்க வந்த ஒரு வேன் கூட்டம் கடையில் இறங்கி இஞ்சித் தேத்தண்ணி கேட்டது. இது மிளகும் ஏலமும் விற்கிற கடை என்றேன். பாவம் பார்த்து ஏலம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மைதானத்தில் தண்ணீர். மூன்றாம் கம்பத்துப் பக்கம் ஓர் எருமை படுத்துக் கிடக்கிறது. அதை அவுட்டாக்க யாருக்கும் தைரியமில்லை.

சித்திரைப் புத்தாண்டு வந்தால்தான் எல்லே விளையாட்டு. அதுவரை எனக்கு வேறென்ன வேலை, எங்கள் தெருப் பொம்பிளை டீமை மனதுக்குள் அடுக்குவதும் கலைப்பதும்தான். இன்றைய நிலவரம்:

பந்து போட: ஃபரீனா. பக்கத்துத் தையல் கடை. கேப்டனும் அவளே. தங்கக் கை.
ஓட: மேல்வீட்டு அக்கா, தங்கச்சி. முயல் மாதிரி.
பிடிக்க: ஆள் தாராளம்.
மூங்கில் பொல்லு எடுத்து அடிக்க: ஒருத்தியும் இல்லை.

போன வருசம் அடித்த ரசிகா கல்யாணமாகி கேகாலைக்குப் போய்விட்டாள். நல்லா இருக்கட்டும். ஆனால் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆம்பிளை டீமில் ஆள் போனால் வேலை, வெளிநாடு என்று ஆயிரம் காரணம். பொம்பிளை டீமில் ஒன்றே ஒன்றுதான், கல்யாணம். எங்கள் ஆஃப் சீசன் தை மாதம். யார் தெருவில் பந்தல் எழும்புகிறதோ அந்த டீமுக்கு அடுத்த வருசம் நாமம்.

விடியப்புறம் மறுபடி அதே கனவு. பந்து மேலே போகிறது. மருத மரத்துக்கு மேலே, மலைக்கு மேலே. எல்லாரும் அண்ணாந்து நிற்கிறோம். பந்து இறங்கவே இல்லை. பயமில்லை, ஏதோ சுகமாகக்கூட இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

வெயில் எட்டிப் பார்த்தது. பால் கிழக்கே பொங்கியது. டீமுக்கு நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். மகனுக்கும் சேர்த்துத்தான்.

பிரதீப் வாயைப் பிளந்து தூக்கம். நேற்று தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டிய களைப்பு. இருபத்தொன்பது வயசு. ஒரு நாளாவது மைதானத்துப் பக்கம் வந்திருப்பானா? எல்லே என்றால் வெயிலில் பொல்லோடு ஓடுகிற விளையாட்டாம். எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன். மற்ற விளையாட்டில் பந்து போடுகிறவன் எதிரி. எல்லேயில் பந்து போடுகிறவளும் நம் ஆள்தான். அடிக்கிறவளுக்கு எந்த உயரம் பிடிக்கும் என்று தெரிந்து, பூப்போல எறிவாள். அடித்ததும் கம்பங்களைச் சுற்றி ஓடி வீடு வர வேண்டும். ஓடும்போது எதிராளி பந்தால் மேலே அடித்துவிட்டால் அவுட். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவான்.

ஃபரீனா பொங்கல் சாப்பிட வந்தாள். பேச்சு போன வருச ஃபைனலுக்குப் போனது. போகாமல் இருக்குமா. கலேவெல ஊர் டீமோடு. கடைசிப் பந்து. வெயில் என்று நான் என் மஞ்சள் குடையை விரித்தேன், அந்த நொடியில் அந்த மாலினி அடித்தாள். பந்து மருத மரத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கம். அதுகூடப் பரவாயில்லை. அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. ஒரு கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி, ஆடி அசைந்து. ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றோம். அன்றிலிருந்து அவளுக்கு எங்கள் தெருவில் திமிர்க்காரி என்றுதான் பெயர். ராசி கெட்ட அந்தக் குடை அன்றிலிருந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது.

ஃபரீனா கரண்டியை நக்கிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நம்ம பொண்ணு வெளிய போற மாதிரி, அங்க உள்ள பொண்ணு இங்க வரலாம் தானே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரதீப்பைப் பார்த்தோம். குறட்டை.

ஜனவரி 17, வெள்ளி

வெயில். மிளகு காய வைத்தேன், மத்தியானம் மழை, ஓடி அள்ளினேன்.

விசாரித்தாகிவிட்டது. மாலினியின் அப்பா கலேவெலவில் மரக்கறி மொத்த வியாபாரம். பிரதீப் அவரிடம் லொறியில் ஏற்றியிருக்கிறான், நல்ல மனுசன் என்றான். நம் ஆட்கள்தான். ஜாதகம் பொருந்துகிறது, ஐயர் சொன்னார். பெண்ணின் படம் வந்தது. பிர. முகத்தைப் பார்த்தான். நான் தோளைப் பார்த்தேன். நல்ல அகலம்.

அவள் விளையாடுகிறவள் என்று பிர.விடம் சொல்லவில்லை. சொன்னால் இது டீமுக்கான வேலை என்று ஓடிவிடுவான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். அவன் வாயில் அதுவே பெரிய வார்த்தை.

மனதுக்குள் டீம் திரும்ப அடுக்கினேன். அடிக்க: மாலினி. ஐயோ, எவ்வளவு அழகாக இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

பெண் பார்க்கப் போனோம். நாவுல ஊர் தாண்டும் வரைக்கும் மழை. குடையைத் தொடவில்லை, நனைந்தே போனேன். ஃபரீனாவையும் அழைத்துப் போனேன், தங்கச்சி மாதிரி என்று சொல்லி.

வீடு துப்புரவு. மாலினியின் அம்மா அடக்கமான மனுசி. ஆனால் வாயைத் திறந்தாள் பாருங்கள், சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. "எங்க புள்ள வீட்டு வாசப்படி தாண்டாதுங்க. வெளையாட்டு கிளையாட்டுன்னு போற பொண்ணு இல்ல." அலுமாரிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தது. துணிக்கு வெளியே கப் ஒன்றின் காது. ஃபரீனா என் தொடையைக் கிள்ளினாள். பெண் மைதானத்துக்குப் போகிறவள் என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம். எல்லா அம்மாவும் அப்படித்தான் மூடுவார்கள். நான் அந்தக் கப்புக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

பெண் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டு ஒரு ஆட்டம் ஆடியது. ஆளைத் தெரிந்துகொண்டாள் போல. மைதானத்தில் பார்த்த மகாராணி இல்லை இவள். சின்னப் பெண். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி.

பலகார டப்பா மேல் தட்டில். எடு என்று அப்பா சொல்ல, பெண் அசையவில்லை. அம்மா அவசரமாக எழுந்து தானே எடுத்தாள். ஏனோ அது மனதில் நின்றுவிட்டது.

திரும்பும்போது பிர. பனியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஒரு இடத்தில் காரணமில்லாமல் சிரித்தான்.

ஜனவரி 20, திங்கள்

பனி. கடை மந்தம். பிர. முகம் சவரம் பண்ணிக்கொண்டு லொறிக்குப் போகிறான். மரக்கறிக்கு எதற்கடா சவரம்?

போனும் கையுமாக. கிணற்றடியில் நின்று குசுகுசு. காதில் விழுந்தது இவ்வளவுதான்: "சாப்ட்டியா? என்ன கறி?" எல்லே பற்றி ஒரு வார்த்தை இல்லை, மக்கு.

ஃப. பயிற்சி தொடங்கிவிட்டாள். தையல் கடைச் சுவரில் மாலினியின் தோள் உயரத்துக்கு ஒரு கோடு, அதைக் குறி வைத்துப் பந்து. சட்டை தைக்கக் கொடுத்த பெண் கேட்டாளாம், இது என்ன வேண்டுதல் என்று.

ஜனவரி 23, வியாழன்

நல்ல வெயில். மிளகு காய்ந்தது. மற்றதெல்லாம் நனைந்தது.

மத்தியானம் போன். புது நம்பர்.

"அன்ட்டி, நா மாலினி. நீங்க மஞ்சக் குடை அன்ட்டி தானே. எதுக்கு வந்தீங்கன்னும் தெரியும்." பிறகு: "என் வலது தோள் போயிருச்சி. கண்டி ஆஸ்பத்திரியில காட்டிட்டோம். கைய மேல தூக்க ஏலாது, இனி பொல்லு புடிக்க மாட்டேன். அம்மா சொல்ல வேணான்னாங்க. சொல்லாம வர எனக்கு மனசில்ல."

சரி பிள்ளை என்றேன். வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், முதலில் வந்தது டீம் கவலைதான். சித்திரைக்கு யார் அடிப்பது? அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையின் தோள் நினைவுக்கு வந்தது. பலகார டப்பாவும். மிளகை அள்ளி மூட்டையில் போட்டேன், ஏன் அள்ளினேன் என்று தெரியவில்லை, வெயில் இருந்தது.

ஜனவரி 24, வெள்ளி

கோயிலுக்குப் போனேன். கேட்க ஒன்றும் வரவில்லை. அம்மன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஃப.விடம் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க மருமக எடுக்கிறீங்களா, டீமுக்கு ஆள் எடுக்கிறீங்களா? அத முடிவு பண்ணுங்க மொதல்ல." சொல்லிவிட்டுச் சுவர்க் கோட்டை ஈரத் துணியால் துடைத்தாள். நன்றாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் கோபம் வந்தது.

கலேவெலவிலிருந்து பதில் கேட்கிறார்கள். இன்னொரு இடமும் வந்திருக்கிறதாம் அவர்களுக்கு.

பிர. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். அவள் எல்லே ஆடுகிறவள், இப்போது தோளில் கோளாறு, நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்குவதே கஷ்டம். மருமகளைப் பற்றிய கவலை மாதிரிப் பேசினேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"எனக்கு மொத நாளே சொல்லிட்டாம்மா. எல்லாம்."

ஏண்டா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க வேணான்னு சொல்லிருவீங்கன்னு பயம்."

சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் பிள்ளை எனக்குப் பயந்து ஒரு பெண்ணை மனதில் ஒளித்து வைத்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. குந்தி அழுதேன் கொஞ்சம். ரசம் நன்றாக வந்திருந்தது, யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 25, சனி

தூறல். அதே கனவு, ஆனால் இன்றைக்குப் பந்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பந்தலில் சாப்பிடுகிறோம். பந்து பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

எழுந்ததும் கலேவெலவுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வெற்றிலை பாக்கோடு வருகிறோம் என்றேன். மாலினியின் அம்மா அழுதுவிட்டாள். பிர. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான், மடையன், சட்டை நுனி தெரிந்தது.

வாங்க: வெற்றிலை, பாக்கு, கதலி ஒரு சீப்பு, மஞ்சள், சேலை (ஃப. தெரிவு செய்வாள்), அவள் அம்மாவுக்கு நம் ஏலம்.

ஜனவரி 26, ஞாயிறு

வெயிலும் தூறலும் சேர்ந்து. மூட்டைக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டு போனேன். இனி என்ன பயம்?

பெரியவர்கள் முன்னறையில் கல்யாண நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பை மூடியிருந்த துணி இன்றைக்கும் அப்படியே. நான் தண்ணீர் கேட்கிற சாக்கில் குசினிக்குள் போனேன். மாலினி தனியே, கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு. இடது கையால்.

தோள் எப்போது போனது என்று கேட்டேன்.

"அன்னைக்குத்தான் அன்ட்டி. ஃபைனல்ல, அந்தக் கடசிப் பந்துல. அடிக்கிறப்பவே சத்தம் கேட்டிச்சி. கைய நெஞ்சோட புடிச்சிக்கிட்டுத்தான் வீடு வந்தேன்."

மகாராணி ஓட்டம். எட்டு மாசத்துக்கு மேல் நாங்கள் தெருவில் நடித்துக் காட்டிச் சிரித்த ஓட்டம். நான்தான் நன்றாக நடிப்பேன், எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். அவள் வலியில் கம்பம் கம்பமாக வந்திருக்கிறாள்.

அவளுக்கு இதொன்றும் தெரியாது. "டீமுக்கு என்ன செய்வீங்க அன்ட்டி?" என்றாள், உண்மையான கவலையோடு. ஒரு டீம் ஆள் இன்னொரு டீம் ஆளைக் கேட்கிற மாதிரி.

பார்ப்போம் பிள்ளை, இந்த வருசம் தோற்றுப் பார்ப்போம் என்றேன்.

கிளாஸ் எல்லாம் தட்டில் வைத்தாகிவிட்டது. முன்னறையிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டாள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தேத்தண்ணி கொண்டு வா என்று. மாலினி குனிந்து தட்டைத் தூக்கப் போனாள், வலது கை பாதியில் நின்றது. நான் தட்டை எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டு ஏந்தி வருவதைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாலினி பின்னால் வெறுங்கையோடு வந்தாள். பிர.வுக்குத்தான் முதல் கிளாஸ் கொடுத்தேன்.