ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

அன்பு மகளுக்கு,

நீ வெளிநாட்டு வானொலியில் அமைச்சரைப் பற்றிப் பேசியதிலிருந்து எங்கள் கட்டடம் அமைதியாகிவிட்டது. நான் லிஃப்டில் ஏறினால் எதிர்வீட்டுப் பல் மருத்துவரின் மனைவி படியில் இறங்குகிறாள். அவள் உடம்புக்கு நல்லதுதான்.

என்னைப் பார்க்க வருகிறவர் விசாரணை அதிகாரி ஒருவரே. ஞாயிறுதோறும் வருகிறார். உட்காரச் சொன்ன பிறகே உட்காருகிறார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவராக இருக்க வேண்டும். நேற்று சமையலறை பல்பைக்கூட மாற்றிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"உடம்பு முடியலன்னு பொண்ணுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா. ஓடி வந்துடும்."

"வந்தா?"

"சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடுவோம்."

"பக்கத்துத் தெரு பேராசிரியர்கிட்டயும் ரெண்டு கேள்விதானே தம்பி? மூணு வருஷமா பதில் சொல்லிட்டே இருக்காரா?"

அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

என் உடம்பு நன்றாக இருக்கிறது. இனி நான் செத்துவிட்டேன் என்று செய்தி வந்தாலும் வராதே. இதைக் கொண்டுவந்து தருபவரிடம் பெயர் கேட்காதே.

அடுத்த ஞாயிறு அதிகாரியிடம், உனக்கு அப்படி எழுத முடியாது என்று சொல்லிவிடுவேன். அதன்பின் அவரும் வரமாட்டார். பரவாயில்லை, படிக்க நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, கண்ணாடியும் புதிது.

உன் அம்மா