மெலடோனினும் ஆல்கஹாலும்

ஜனவரி 19, 2004. ஷாங்காய்

ஆய்வகம் காலி. சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஷென் அக்கா கிளம்பும்போது சிரித்தாள்: "நாங்க மீன் சாப்பிடப்போறோம். நீ மீன் கண்ணைப் பார்த்துட்டு இரு."

எனக்கு இங்கே இருக்கிற ஒரே ஆள் அவள்தான். கெண்டையின் விழித்திரைச் செல்லை ஊசிக்குழாயில் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கிளைசின் என்ற வேதிப்பொருள் அந்தச் செல்லை அடக்கும். கூடவே மெலடோனின் ஹார்மோனைக் கொடுத்தால், கிளைசினை வாங்கும் ஏற்பிகள் இன்னும் பலமாக வேலை செய்யும்; செல்லில் ஓடும் மின்னோட்டம் ஏறும். மூன்று வருடம் உழைத்து இதைத்தான் கண்டுபிடித்திருக்கிறோம். கட்டுரை தயார்.

ஜனவரி 23

மெலடோனினை ஆல்கஹாலில் கரைத்துத்தான் கொடுக்கிறோம். இன்று பொழுது போகாமல், மெலடோனினே இல்லாமல், கிளைசினோடு வெறும் ஆல்கஹாலை மட்டும் கொடுத்துப் பார்த்தேன்.

மின்னோட்டம் ஏறியது.

ஜனவரி 24

ஐந்து செல். ஐந்திலும் ஏறியது. அப்படியென்றால் நாங்கள் கண்டது மெலடோனினின் வேலைதானா? இந்தச் சோதனையைப் போன வருடமே முடித்துவிட்டதாக அக்கா சொன்னாளே?

ஜனவரி 30

அக்கா ஊரிலிருந்து வந்ததும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு செல்தான் பார்த்தேன். ஏறல. போதும்னு விட்டுட்டேன்."

"சார்கிட்ட சொல்லணும்க்கா."

"கட்டுரை வரலேன்னா ஜூனோட என் வேலை போயிடும். உனக்குத் தெரியாதா? யாரு உன்னை இதைப் பார்க்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. தனியாக இருந்தேன். அதனால்தான் பார்த்தேன் — இதை எப்படி அவளிடம் சொல்வேன்?

பிப்ரவரி 3

சாரிடம், பேராசிரியர் குவோவிடம், சொல்லிவிட்டேன். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் கேட்டதும் அவர் பார்த்தது, அந்தப் பக்கம் வேலையாக இருந்த அவளைத்தான்.

"கட்டுரை நிக்கட்டும். ஆல்கஹால் இல்லாம முதல்லேருந்து செய்."

பிப்ரவரி 11

உணவகத்தில் நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் அக்கா எழுந்துவிட்டாள். அவள் நூடுல்ஸ் பாதிகூடத் தீரவில்லை. மற்றவர்களும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.

பொய்யா சொன்னேன் நான்? பொய்யா?

மார்ச் 15

அக்கா போய்விட்டாள். நான்ஜிங்கில் மருந்துக் கம்பெனி வேலையாம். வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஏப்ரல் 8

ஆல்கஹாலுக்குப் பதில் வேறு கரைப்பானில் பதினோரு செல். அந்தக் கரைப்பானை மட்டும் கொடுத்தால் அசைவே இல்லை. மெலடோனின் சேர்ந்தால் ஏறுகிறது. முன்பு கிடைத்ததில் பாதிதான். ஆனால் உண்மை. அக்கா கண்டது பொய்யில்லை.

திரும்பிப் பார்த்தேன். அறையில் யாருமில்லை.

ஏப்ரல் 9

மதியம் உணவகத்தில் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நிஜமாவே ஏறுதா?"

"ஏறுதுக்கா. உன் பேரைத்தான் முதல்ல போடணும்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"பதினொண்ணு பத்தாது. இன்னும் நாலு செல் பாரு." பிறகு, "மத்தியானம் யார்கூட சாப்பிடுற?"

"எல்லார்கூடவும்தான்" என்றேன்.