ஐம்பது நிமிட வாய்ப்பூட்டு

ஜனவரி 8, திங்கள்

இன்று தொடங்கி இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை யாரும் நம்பப்போவதில்லை என்று மனமார உறுதி கூறுகிறேன். எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை.

வேற்று நாட்டில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் பதினேழு வருடமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். என்னிடம் படித்தவர்களை வரிசையில் நிறுத்தினால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து நம் வீட்டு வாசலில் காலிங் பெல் அடிப்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு இன்று ஒரு சுற்றறிக்கை. ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமானால் பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் என் வகுப்பைப் பார்ப்பாராம். தேறாவிட்டால் மார்ச் முப்பத்தொன்றோடு சரி.

ஒப்பந்தம் போனால் விசா போகும். விசா போனால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை மே மாதம்.

ஆனால் பயமென்ன? பார்க்கப்போவது புதிதாக வந்திருக்கும் துறைத்தலைவி. துறைத்தலைவி யார்? என் சொந்த அக்கா மகள், எங்கள் குட்டி! பிறந்த அன்றே ஆங்கிலத்தில் தும்மியவள். அந்தத் தும்மலையும் திருத்தியவன் நான்.

ஜனவரி 11

ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முகத்திலும் கிலி. நான் மட்டும் காலாட்டிக்கொண்டு டீ குடித்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன்.

ஜனவரி 12

குட்டி தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மாமா, நேத்து ஸ்டாஃப் ரூம்ல என்ன சொன்னீங்க?"

"உன்னைப் பத்திப் பெருமையா ரெண்டு வார்த்தை..."

"'அவ எனக்கு ஃபெயில் போட்டா எங்க அக்கா அவளுக்குச் சோறு போட மாட்டா'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

"அது தமாசும்மா."

"அந்தத் தமாசு அப்படியே டைரக்டர் காதுக்குப் போயிடுச்சு. இனிமே உங்க வகுப்பை நான் பாக்கக் கூடாதாம். வெளியில இருந்து ஒரு பரிசோதகர் வர்றார். போன மாசம் பக்கத்து நிறுவனத்துல நாலு பேரைப் பாத்தார். மூணு பேர் ஊருக்குப் போயிட்டாங்க."

நான் எழுந்து வெளியே வரும்போது சொன்னாள்: "நான் பாத்திருந்தாலும் சலுகை கிடைச்சிருக்காது மாமா. ஆனா நீங்க பயப்படாம இருந்திருப்பீங்க."

யார் பயந்தது? நானா?

ஜனவரி 13

வீட்டில் சொல்லவில்லை.

ஜனவரி 20

குட்டி ஒரு யோசனை சொல்லியிருந்தாள். பரிசோதகர் முதலில் பார்ப்பது வாத்தியார் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதைத்தானாம். பாதிக்கு மேல் அவர்கள் பேச வேண்டும். "உங்க வகுப்பை நீங்களே பதிவு பண்ணிக் கேளுங்க மாமா."

பதிவு செய்தேன். சாப்பாட்டு மேஜையில் மகள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுத்தாள்.

"அம்பது நிமிஷத்துல நீங்க நாப்பத்திமூணு நிமிஷம் பேசியிருக்கீங்கப்பா."

"மீதி?"

"'யெஸ் சார்' முப்பத்தோரு தடவை. அப்புறம் நீங்க தண்ணி குடிச்ச சத்தம்."

நான் இத்தனை வருடமாக என் வகுப்பைக் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலை முழுக்க நான்தானா? மற்றவர்கள் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களா?

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "திடீர்னு எதுக்குங்க இந்த ஆராய்ச்சி?"

மறைக்க முடியவில்லை. சுற்றறிக்கை, ஸ்டாஃப் ரூம், பரிசோதகர், எல்லாம் சொன்னேன். மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனைவி கேட்டது ஒன்றுதான். "அப்ப, இதுவும் உங்க வாயாலதானா?"

சரித்திரத்தில் முதல் முறையாக, என் தட்டை நானே கழுவிவைத்தேன்.

ஜனவரி 27

பயிற்சி. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நான் நான்கில் உடைந்துவிடுகிறேன். யாராவது முழிப்பதைப் பார்த்தால் நாக்கு தானே ஓடிப்போய்ப் பதிலைச் சொல்லிவிடுகிறது. ஐம்பத்தொரு வயதில் நாக்குக்குக் கயிறு கட்டுவது யானைக்கு ஜட்டி போடுவதை விடக் கஷ்டம்.

சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு பதினேழு வருடமாக நடக்கிறது. ஒன்றுக்காவது போனேனா? "எனக்கே பாடமா?" என்று சிரித்தவன்தானே நான்? சிரிடா, இப்ப சிரி.

பிப்ரவரி 2

நாளை காலை பத்து மணி.

பிப்ரவரி 3

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

பரிசோதகர் ஏழடி உயரம். (சரி, ஆறு.) பின்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார். வகுப்பில் பதினான்கு பேர். என் பாடத்திட்டப்படி இரண்டு படங்களைக் காட்டி ஒப்பிடச் சொல்ல வேண்டும். படத்தை ஒட்டினேன். கேள்வி கேட்டேன். வாயை மூடினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. சட்டைக்குள் வியர்வை அருவி. நான்கு. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு ஜோக் அடிப்பேன். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஏழு. எட்டு. பரிசோதகரின் பேனா நகர்ந்தது. பத்து. பதினைந்து. போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது மாணவர்களில் ஒருவரான கிரேன் ஓட்டுநர் பக்கத்தில் இருந்த நர்ஸிடம் ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அவர் இங்கிலீஷ் நம் மொழியில் இப்படி வரும்: "சார் ஏன் இன்று பேச்சு இல்லை?"

நர்ஸ்: "தொண்டையில் ஆபரேஷன் இருக்கலாம்."

"ஆபரேஷன் என்றால் லீவு எடுப்பார்."

ஹோட்டல் வரவேற்பாளர் திரும்பினார். "இல்லை. வீட்டில் மனைவி அடித்திருக்கிறார்."

நான்கு பேர் எதிர்த்தார்கள், மூன்று பேர் ஆமோதித்தார்கள். காரணம் காட்டினார்கள், குறுக்கே விழுந்தார்கள், என் சட்டை இஸ்திரி ஆகாததை ஆதாரமாக நீட்டினார்கள். பதினேழு வருடத்தில் அந்த அறையில் அவ்வளவு ஆங்கிலம் ஓடி நான் கேட்டதில்லை. பாதியும் பிழை. திருத்த நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது.

படங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் தையல் ஆலையில் வேலை செய்யும் அம்மாள் எழுந்து நின்றார். எட்டு மாதத்தில் 'யெஸ் சார்' தவிர ஒன்றும் பேசாதவர். நேராகப் பரிசோதகரைப் பார்த்தார். "நீங்கள் வந்தீர்கள். அதனால் சாருக்குப் பயம். எங்கள் ஆலைக்கும் ஆள் வருவார், பின்னால் நின்று எழுதுவார். என் கை அப்போது கோணலாகத் தைக்கும். மற்ற நாள் நேராகத் தைக்கும். தயவுசெய்து இதையும் எழுதுங்கள்."

பரிசோதகர் எழுதினார். என்ன எழுதினார் என்று கடவுளுக்கே தெரியாது. மணி அடித்ததும் ஆயிரம் பேர் கைதட்ட, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள்.

பிப்ரவரி 9

தகவல் இல்லை. மனைவி பெரிய பெட்டியை மேலிருந்து இறக்கித் துடைத்துவைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 15

குட்டி அறிக்கையைப் படித்துக் காட்டினாள். "மாணவர்கள் முப்பத்தொன்பது நிமிடம் பேசினர். திட்டமிட்ட பாடம் ஒரு நிமிடம்கூட நடக்கவில்லை. நடந்தது என்னவென்று ஆசிரியருக்கே தெரியுமா என்பது சந்தேகம்."

"அப்ப ஃபெயிலா?"

"ஒரு வருஷம் நீட்டிப்பு. நிபந்தனையோட. சனிக்கிழமைப் பயிற்சி முழுசும் முடிக்கணும், அடுத்த வருஷம் மறுபடி பாப்பாங்க. அப்பவாவது வகுப்புல என்ன நடக்குதுன்னு புரிஞ்சு நடத்தணும் மாமா."

"பயிற்சி எடுக்கிறது யாரு?"

"நான்தான். முதல் பெஞ்சுல உக்காருங்க, கண்ணு முன்னாடி இருங்க."

மார்ச் 4

மகள் பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"அப்பாவோட வேலை என்னன்னு போடட்டும்?"

"ஏழு கண்டங்களும் கைகூப்பி வணங்கும் ஆங்கிலப்..."

"அப்பா, பத்துக் கட்டம்தான் இருக்கு."

'ஆசிரியர்' என்று எழுதிவிட்டு என் கையெழுத்துக்கு நீட்டினாள். மனைவி பெட்டியை மறுபடி மேலே ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். இமயமலை கனம்.

வரும் சனிக்கிழமை பயிற்சி தொடங்குகிறது. நோட்டு வாங்கியாயிற்று, இரண்டு பேனாவும்.

முன்பக்கங்களை இப்போது படித்துப் பார்த்தேன். ஊர்வலம் போகவில்லை. தோளில் யாரும் தூக்கவில்லை, என் எடைக்கு அது நடக்கிற காரியமுமில்லை. நாக்கில் ரத்தமும் வரவில்லை. ஆனால் அந்த அம்மாள் எழுந்து நின்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.